குடிக்காதவரின் கை நடுக்கம்

காரைக்காலில் குடிக்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. குடிக்காதவரிடம்தான் கேள்விகள். வயிற்றில் புண்ணா, டாக்டர் சொன்னாரா, மாமியார் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாளா என்று விசாரிப்பார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த ஆண்டுகளில், நாகூர்ப் பக்கமிருந்தும் மாயவரம் பக்கமிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்து தாகம் தீர்த்துக்கொண்டு போனார்கள். அப்படி அண்டை மாநிலத்தின் தாகத்துக்கே ஊர் பொறுப்பேற்றிருந்த காலத்தில், ஊரை ஒட்டிய தருமபுரத்தில் அடைக்கலராஜ் என்று ஒருவர் ஒரு சொட்டும் தொடாமல் வாழ்ந்தார். தொடாமல் இருந்ததோடு நிற்காமல், தொடாததை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் வாழ்ந்தார். முதலாவதை ஊர் மன்னித்திருக்கும்.

அவருடைய தொழில், டாக்டர்களின் பிரஷர் மிஷின்களைப் பழுது பார்ப்பது. ரத்த அழுத்தம் பார்க்கிற அந்தப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாயும், அதில் ஏறி இறங்கப் பாதரசமும் இருக்கும். சென்னையில் ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியில் அந்த வேலையைக் கற்றுக்கொண்டு, எழுபதுகளின் நடுவில் மனைவி ஞானமேரியோடு ஊர் திரும்பினார். அப்போதுதான் காரைக்காலில் டாக்டர்கள் பெருகத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொருவர் மேஜையிலும் ஒரு மிஷின். ஒவ்வொரு மிஷினிலும் நாளடைவில் கறுத்துப்போகிற பாதரசம். சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு திருநள்ளாறு, நாகப்பட்டினம் என்று சுற்றி வருவார். டாக்டர்களை அவர் மதித்தார். அதில் தப்பில்லை. டாக்டர்களும் தம்மை மதிப்பதாக நினைத்தார், தப்பு அங்கேதான்.

பாதரசத்தைப் பற்றி ஒன்று சொன்னால், உடனே அதற்கு மாறாக இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கும். அது உலோகம், ஆனால் ஓடும். தண்ணீரைப் போல ஓடும், ஆனால் கையை நனைக்காது. ஒரு சின்ன மருந்துப் புட்டி நிறைய ஊற்றி வைத்தால், சாதாரணமாகத் தூக்கப் போகிறவரின் மணிக்கட்டை அந்தக் கனம் ஏமாற்றிவிடும். இரும்பு ஆணியைப் போட்டால் தக்கையாக மிதக்கும். கீழே சிந்தினால் நூறு மணிகளாகச் சிதறி ஓடும். விரலால் தள்ளிச் சேர்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஒரே மணியாகும். தங்கத்தைக் கண்டால் மட்டும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒட்டிக்கொள்ளும்.

சாகாமலிருப்பதற்காக இதை விழுங்கிச் செத்தான் என்று ஒரு சீனப் பேரரசனைப் பற்றிச் சொல்வார்கள். பிரெஞ்சு ராஜாக்கள் முகம் பார்த்த அரண்மனைக் கண்ணாடிகளின் முதுகில் இருந்தது இதுதான்; பூசியவர்களின் முகத்தை எந்த ராஜாவும் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் தொப்பிக்காரர்கள் முயல் ரோமத்தைப் பதப்படுத்த இதைக் கையாண்டு, கை நடுங்கி, புத்தி பேதலித்து, கேலிக்கு ஆளானார்கள். நம் பக்கத்தில் இதைக் கட்டி மணியாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டால் நோய் அண்டாது என்றார்கள். எதிலும் ஒத்துப்போகாத தேசங்களெல்லாம் ஒருமனதாகக் காதலித்த விஷம் இது. அடைக்கலராஜுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் தெரியாது. பாதரசம் பளபளப்பாக இருக்க வேண்டும், குழாயில் ஒட்டாமல் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சுத்தம் செய்ய அவருக்கு ஒரு முறை இருந்தது. கறுத்த பாதரசத்தை மெல்லிய ஆட்டுத்தோலில் ஊற்றி முறுக்குவார். அழுக்கு தோலில் தங்கிவிடும். பாதரசம் வெள்ளி மழையாகக் கீழே இறங்கும். பிறகு திராவகத்தில் அலசி, தண்ணீரில் அலசி, ஈரம் போக ஒரு இரும்புச் சட்டியில் ஊற்றி, பம்ப் ஸ்டவ்வில் லேசாகச் சூடு காட்டுவார். அந்தச் சூட்டில் எழும் ஆவிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. சாராயத்துக்காவது நாற்றம் என்கிற நேர்மை உண்டு.

முதல் சில ஆண்டுகள் எதுவும் ஆகவில்லை. தெருவைப் பார்த்த முன்னறையில், இரண்டு ஜன்னல்களையும் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். கடல்காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறியது. தன்னைக் காப்பாற்றுவது அந்தக் காற்றுதான் என்று அவருக்குத் தெரியாது.

எண்பத்திரண்டு வாக்கில் கை நடுங்கத் தொடங்கியது. காதர் பாட்சாவின் டீக்கடையில்தான் அதை முதலில் மற்றவர்கள் பார்த்தார்கள். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் டீ பாதி சட்டையில் இருந்தது.

"என்னண்ணே, கை ஒரு தினுசா ஆடுது?" என்றார் காதர் பாட்சா.

"தெரியல பாய். கொஞ்ச நாளாவே இப்படித்தான் இருக்கு."

பெஞ்சின் மறுமுனையில் முத்தையன் உட்கார்ந்திருந்தான். லாரி ஷெட்டில் வேலை. வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. "காலைல ஒரு கால் கிளாஸ் உள்ள தள்ளுங்கண்ணே, நின்னுரும். எங்க சித்தப்பாவுக்கு இதே ஆட்டம்தான். உள்ள போச்சுன்னா கை கல்லு மாதிரி நிக்கும்."

"நான் குடிக்கிறவன் இல்லடா."

"குடிக்கிறீங்கன்னு யாரு சொன்னா? எங்க சித்தப்பாவும் இதத்தான் சொல்லுவாரு."

கடை சிரித்தது. காதர் பாட்சா மட்டும் சிரிக்காமல், "மூச்... அவரு தொழுவுறவங்கள விட சுத்தமான ஆளுடா," என்று முத்தையனை அடக்கினார். அந்த ஆதரவு இன்னும் மோசமாகப் போயிற்று. "அதான் பாய், சுத்தமான ஆளுங்கதான் வீட்ல வச்சு சாப்பிடுவாங்க," என்றான் முத்தையன்.

அடைக்கலராஜ் அன்று வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தார். குடிகாரர் நிறைந்த ஊரில் வாழ்கிற குடிக்காதவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம் அது. நடுங்குகிற கையைத் தெருவில் போகிறவர்கள் பார்த்துப் பேசக் கூடாது என்று, முன்னறையின் இரண்டு ஜன்னல்களையும் சாத்தினார். கதவையும் தாழிட்டுக்கொண்டு வேலை பார்த்தார். போக வழியில்லாத ஆவி அறைக்குள்ளேயே தங்கியது. அவர் அதை நாள் முழுவதும் சுவாசித்தார். நடுக்கம் கூடியது. கூடக்கூடத் தாழ்ப்பாளை இறுக்கினார். தெருவுக்கோ, பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மனிதர் உள்ளே என்ன செய்வார் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

ஈறு வீங்கியது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்ததால் அடிக்கடி துப்பினார். பெயர்கள் மறந்தன. ஆள் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கினார், ஒதுங்க முடியாதபோது சீறினார். இது அத்தனையும் காரைக்காலில் ஒரே ஒரு நோய்க்குத்தான் அடையாளம்.

டாக்டர் தியாகராசனிடம் போனார். அவருடைய மிஷினை வருஷா வருஷம் சுத்தம் செய்து கொடுக்கிறவர் என்ற உரிமையில் கையை நீட்டினார்.

"கொறச்சுக்குங்க அடைக்கலராஜ்," என்றார் டாக்டர் இதமாக. "ஒரேயடியா விட்டுராதீங்க. விட்டா இன்னும் ஆடும்."

"சார், நான் தொட்டதே இல்ல சார்."

"இந்த நாற்காலியில உக்கார்ற எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

இருவருக்கும் நடுவே மேஜைமீது மிஷின் திறந்திருந்தது. அதன் குழாயில் அடைக்கலராஜ் சுத்தம் செய்த பாதரசம் பளபளவென்று நின்றது. டாக்டர் அதைப் பார்த்தே அவருடைய ரத்த அழுத்தத்தைச் சொன்னார். எத்தனை என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, எதைப் பார்க்கிறோம் என்று தெரியவில்லை. ஐந்தாறு ஆண்டுகள் படித்து வாங்கிய பட்டம் அவர் தலைக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது.

இதற்கிடையில் ஞானமேரியின் தாலி வெளுத்தது. அந்த அறையைப் பெருக்குகிறவள் அவள். கட்டிலுக்கடியில் உருண்டோடிய மணிகளைக் குனிந்து கையால் கூட்டி அள்ளுகிறவள் அவள். சிலுவை பொறித்த அந்தத் தாலியில் முதலில் ஒரு ஓரம் வெள்ளியாயிற்று, பிறகு பாதி. தெருக்குழாயடியில் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என்னக்கா இது, தாலி பல்லிளிக்குது? கவரிங்கா? என்கிட்ட சொல்லுங்கக்கா, நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

ஒருத்தரிடமும் அவள் மூச்சு விடவில்லை, எல்லோரிடமும் விட்டாள். பெண்டாட்டி கழுத்துத் தாலியை விற்றுக் குடித்துவிட்டு, கவரிங் செய்து போட்டிருக்கிறான் மனுஷன் என்று அந்த வாரமே பேச்சு மாதா கோவிலை எட்டியது.

கோவிலில் மதுவிலக்குச் சபை என்று ஒன்று இருந்தது. அடைக்கலராஜ் அதில் பழைய உறுப்பினர். தலைவர், பிரெஞ்சு மரியாதையோடு ஊர் 'முசியே' என்று அழைத்த சவரிநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிறவர். தினமும் மத்தியானச் சாப்பாட்டோடு ஒயின் சாப்பிடுகிறவர். மதுவிலக்குச் சபைத் தலைவர் ஒயின் சாப்பிடலாமா என்று கேட்டால், "ஒயின் சாராயமில்லப்பா, அது குழம்பு மாதிரி," என்பார். யாரும் மேலே கேட்டதில்லை. ஒயின் சாப்பிடும்போது அவர் கை நடுங்கவில்லை என்பதே போதுமான அத்தாட்சியாக இருந்தது.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்கு மீறிக் குடித்தவரின் பெயரை ஞாயிற்றுக்கிழமைப் பூசையின் முடிவில், நடக்கப்போகிற கல்யாணங்களை அறிவிக்கும் ஓலைகளோடு சேர்த்துப் பங்குச்சாமியார் வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் முதல் ஓலை. இன்னார் சபையிலிருந்து நீக்கப்பட்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு குடை கிடந்தது, உரியவர் பெற்றுக்கொள்ளவும். மரியமுத்து என்கிற கொத்தனாரின் பெயர் அப்படி வாசிக்கப்பட்டபோது, சரிதான் என்று தலையாட்டியவர்களில் அடைக்கலராஜும் ஒருவர். அதை மறைப்பதற்கில்லை.

எண்பத்துநான்கில், ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. இரண்டு ஓலைகளுக்கும் ஒரு குடைக்கும் நடுவில், "தருமபுரம் அடைக்கலராஜ்" என்று கேட்டபோது, அவர் பெஞ்சின் முன்கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டையும் சேர்ந்து ஆடியது. பின் வரிசையில் யாரோ, "பாரு, இப்பக்கூட," என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அவர் முன்னறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். ஞானமேரி அழவில்லை. மறுநாள் காலை தாலியைக் கழற்றி மஞ்சள் கயிற்றில் ஒரு சிலுவையைக் கோத்துக் கட்டிக்கொண்டு, வெளுத்ததை முந்தானையில் முடிந்தபடி செல்லக்கண்ணு பத்தரின் கடைக்குப் போனாள்.

"பத்தரே, இது தங்கமா கவரிங்கான்னு நாலு பேர் கேக்கச் சொல்லுங்க."

அவர் உரைகல்லில் தேய்த்தார். "சொக்கத் தங்கம்மா. நான் செஞ்சது எனக்குத் தெரியாதா? மேல ரசம் ஏறியிருக்கு. வீட்ல பாதரசம் பொழங்குதா?"

"அத வச்சுத்தானே பத்தரே எங்களுக்குச் சோறே."

"நெருப்புல காட்டினா பாதரசம் பறந்துரும், பழைய நெறம் வந்துரும். ஆனா நீங்க தள்ளிப் போயி நில்லுங்க. அந்தப் புகை ஆகாது. எங்கப்பாவோட கூட்டாளி ஒருத்தரு ரசம் வச்சு முலாம் பூசிப் பூசியே கையாடிப் போயிச் சேர்ந்தாரு."

"என்ன ஆடி?"

"கை. சோத்த வாயில வைக்க முடியாம ஆடும். பாவம், குடிகாரன்னே எல்லாரும் நெனச்சோம்."

ஞானமேரி கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள். முன்னறைக் கதவைத் திறக்கும்வரை இடித்தாள். உள்ளே போய் இரண்டு ஜன்னல்களையும் படாரென்று திறந்தாள்.

"என்ன பண்ற? தெருவே பாக்கும்!"

"பாக்கட்டும். என் கழுத்துல தொங்குன தங்கத்துக்கே இந்தக் கதின்னா, காலைலேருந்து இதுக்குள்ள உக்காந்து மூச்சு விடுற உங்களுக்கு என்ன கதி? எந்திரிங்க. சட்டையப் போடுங்க."

"டாக்டர்தான் சொல்லிட்டாரே, குடிய கொறன்னு."

"அவரு கெடக்காரு. வேற டாக்டரே ஊர்ல இல்லியா?"

டாக்டர் மஹ்பூபா படிப்பு முடித்து ஊருக்கு வந்து அதிக நாளாகவில்லை. பெண்களும் குழந்தைகளும்தான் அவரிடம் போவார்கள். அவர் முதலில் கேட்டது, "என்ன வேலை செய்றீங்க?" என்பது. இரண்டு வருஷ நடுக்கத்தில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி. ஈறைப் பார்த்தார். ஒரு தாளைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார்; எழுத்துகள் நண்டு ஊர்ந்த மணல்போல இருந்தன. சிறுநீரைப் புதுச்சேரிக்கு அனுப்பி வைத்தார். பதில் வந்தபோது அவர் முகம் இறுகியிருந்தது.

"உடம்பெல்லாம் பாதரசம் ஏறியிருக்குங்க. மூச்சு வழியாப் போயிருக்கு. அந்த வேலைய இன்னையோட விடணும். விட்டீங்கன்னா நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கும்."

"அப்ப நான் குடிகாரன் இல்லேன்னு எழுதித் தருவீங்களா?"

"தர்றேன். கோபம் ரொம்ப வருதா?"

"வராம? கோவில்ல வச்சு என் பேர வாசிச்சிருக்காங்க டாக்டரம்மா!"

"அதுவும் இந்த விஷத்தோட வேலைதாங்க. பாதரசம் எறங்குனா அதுவும் எறங்கிரும்."

அடைக்கலராஜ் எழுந்து நின்றுவிட்டார். "கை பாதரசத்தோடதுன்னு ஒத்துக்குறேன். எச்சில், ஈறு, மறதி எல்லாத்தையும் அதுக்கே எழுதிக்குங்க. கோபம் என்னோடது. அதையும் நோயாக்கிட்டா எனக்குன்னு என்ன மிச்சம்?"

டாக்டர் மஹ்பூபா பேனாவைத் திறந்தார். சான்றிதழ் எழுதித் தந்தார்.

அதை எடுத்துக்கொண்டு சபைக் கூட்டத்துக்குப் போனார். முசியே சவரிநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "மெர்க்யூர்!" என்று பாதரசத்தைப் பிரெஞ்சில் சொன்னார் வியப்போடு. பிறகு அகலமாகச் சிரித்தார். "நல்லதாப் போச்சு அடைக்கலராஜ். சபை உன்ன மன்னிச்சு, திரும்பச் சேத்துக்குது."

"என்னத்த முசியே மன்னிச்சீங்க?"

"அதான்ப்பா, நடந்தத."

"என்ன நடந்துச்சு? நான் என்ன பண்ணினேன்? மூச்சு விட்டேன். அதுக்கு மன்னிப்பா?"

"சரி, மன்னிப்பு வேணாம்னா விடு. சேத்துக்கிட்டாச்சு. போதுமில்ல?"

"போதாது. கோவில்ல வச்சுப் பேர வாசிச்சீங்க. தப்பா வாசிச்சிட்டோம்னு அதே எடத்துல வாசிங்க."

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீக்கியதை வாசிக்க வழக்கம் இருந்தது. நீக்கியது தவறு என்று வாசிக்க வழக்கம் இல்லை. நூறு பேர் முன்னால் ஒரு மனிதனின் மானத்தை வாங்க முன்னோர்கள் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. இப்படி ஒரு தேவை வரும் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை போலும். "வழக்கமில்லையேப்பா," என்றார் முசியே, உண்மையான வருத்தத்தோடு. "கோபப்படாத. இந்தக் கோபமும் அந்த மெர்க்யூரோட வேலைதான்னு டாக்டரே சொல்றாங்களாமே."

டாக்டர் தியாகராசனுக்கும் செய்தி எட்டியது. வழியில் காரை நிறுத்தி, "நான்தான் அப்பவே ஜாக்கிரதையா இருக்கச் சொன்னேனே," என்றார். அடுத்த வாக்கியம், "அப்ப நம்ம மிஷின யாரு பாப்பாங்க?" என்பது. யாராவது கிடைக்காமலா போவார்கள்? அவருக்கும் இரண்டு கைகள் இருக்கும்.

டீக்கடைக்கும் செய்தி போயிற்று, ஆனால் போகிற வழியில் கொஞ்சம் மாறிவிட்டது. "சாராயம் இல்லியாம்டா, பாதரசத்தக் குடிச்சிருக்காரு," என்றான் முத்தையன் மரியாதையோடு. "என்னா நெஞ்சழுத்தம் பாரு!"

அடைக்கலராஜ் தொழிலை விட்டார். மிச்சமிருந்த பாதரசத்தை என்ன செய்வது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எந்த அலுவலகமும் வாங்கிக்கொள்ளவில்லை. டாக்டர் மஹ்பூபா சொன்னபடி புட்டியில் ஊற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி அடைத்து, மூடிக்கு மெழுகு வைத்துப் புறக்கடைக் கொட்டகையில் ஒதுக்கினார்கள். அறைக்குப் புதுச் சிமெண்ட் பூசி, ஸ்டவ்வும் பூட்டும் ரிப்பேர் பார்க்கும் கடை போட்டார். ஜன்னல்கள் சாத்தப்படவேயில்லை. மழையில்கூட.

நடுக்கம் வருஷக் கணக்கில், அவசரமில்லாமல் இறங்கியது. முதலில் டம்ளர் நின்றது. பிறகு பொத்தான் போட முடிந்தது. எண்பத்தாறில் டாக்டர் மஹ்பூபா மறுபடி பெயரை எழுதச் சொன்னார். "அடைக்கலராஜ்" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நேராக எழுதினார்.

"பாருங்க, போயிருச்சு," என்றார் டாக்டர். "கோபம்?"

"அது இருக்கு."

"இன்னுமா?"

"குறையவே இல்ல டாக்டரம்மா. பாதரசத்தோடதா இருந்தா போயிருக்கணுமில்ல?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, "நான் சொன்னது தப்புங்க," என்றார். அத்தனை வருஷத்தில் 'தப்பு' என்ற அந்தச் சொல்லை அடைக்கலராஜிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து பங்குச்சாமியார் ஓலைகளை வாசிக்கக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தபோது, அடைக்கலராஜ் பெஞ்சிலிருந்து எழுந்து நடுவழியாக முன்னால் நடந்தார். கையில் ஒரு தாள். ஆடவில்லை. வேண்டுமென்றே அதை உயர்த்திப் பிடித்திருந்தார், எல்லோரும் பார்க்கட்டும் என்று.

"என்னங்க அடைக்கலராஜ்?" என்றார் சாமியார் மெதுவாக.

"ஒரு அறிவிப்பு சாமி."

"நீங்களே சொல்லிருங்களேன். நாங்க கேட்டுக்கிறோம்."

"நான் சொல்லி ரெண்டு வருஷமாச்சு, யாரும் கேக்கல. நீங்க வாசிச்சது. நீங்கதான் வாசிக்கணும்."

முசியே சவரிநாதன் முன்வரிசையிலிருந்து, "வழக்கமில்ல..." என்று ஆரம்பித்தார். ஞானமேரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். பழைய நிறத்துக்கு வந்திருந்த தாலி சேலைக்கு மேல் கிடந்தது. முசியே வாக்கியத்தை முடிக்கவில்லை.

சாமியார் கையை நீட்டித் தாளை வாங்கினார். அவருக்கு வயதாகியிருந்தது, அவர் கை நெடுநாளாகவே நடுங்கும். அதை முதுமை என்று ஊர் சொன்னது, வேறெதுவும் சொன்னதில்லை. தாள் சலசலக்க, வாசித்தார். தருமபுரம் அடைக்கலராஜ் குடித்ததாக இந்த இடத்தில் வாசிக்கப்பட்டது தவறு, அவர் குடித்ததில்லை, சபை விசாரிக்காமல் நீக்கியது. இரண்டே வரிதான்.

சாமியார் தாளை மடித்துக்கொண்டு முதல் கல்யாண ஓலையை எடுத்தார். அடைக்கலராஜ் நகரவில்லை.

"இன்னும் என்னங்க?"

"பின் வரிசைக்குக் கேக்கல சாமி. இன்னொரு தடவ, சத்தமா."